உரைகல் கட்டம்

மே மாதத்தின் உச்சி வெயிலில் பள்ளிச் சீருடைகள் உலர்ந்துகொண்டிருந்தன. முதலில் என் கண்ணில் பட்டது அதுதான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது விண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படம். ஏரிமேடு துணைநகரம் என்னும் குடியிருப்பின் மொட்டைமாடிகள் அதில் வரிசையாகத் தெரிந்தன. துணி உலர்த்தும் கொடிகளில் வெள்ளையும் நீலமுமாகச் சிறு சிறு புள்ளிகள். கோடை விடுமுறையில் எந்தத் தாய் சீருடையைத் துவைத்துப் போடுவாள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்பதற்கு அருகில் எவரும் இல்லை. நில வகைப்பாட்டு அலுவலகத்தின் அந்தத் தளம் முழுவதும் ஒரு காலத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்களாம். இப்போது மேலதிகாரி ஜெயசீலன் அவர்களும், வடகோடி மேசையில் கற்பகவல்லி என்னும் நானும் மட்டுமே எஞ்சியிருக்கிறோம். மற்ற வேலைகளையெல்லாம் வகைப்பான் பார்த்துக்கொள்கிறது.

வகைப்பான் என்பது ஒரு கணிப்பொறி ஏற்பாடு. மாநிலம் முழுவதையும் அது சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் நகரம், நகர்விளிம்பு, ஊரகம், ஆளொழிந்த நிலம் என்று ஆண்டுதோறும் வகைப்படுத்துகிறது. வகைக்கு ஏற்றபடியே பேருந்தும் குடிநீரும் மின்சாரமும் வந்து சேரும். வகை இறங்கினால் அவையும் நிற்கும். இதில் எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை என்பதால், தொடக்கத்தில் நாங்கள் அனைவரும் அதனை வரவேற்றோம்.

நான் வசிக்கும் கட்டடத்தைச் சென்ற மார்ச் மாதம் அது ஆளொழிந்தது என்று வகைப்படுத்தியது.

முதலில் மின்தூக்கி நின்றது. ஒன்பதாம் மாடிக்குக் கிழக்குப் படிக்கட்டு வழியாக ஏறி இறங்கப் பழகிக்கொண்டேன். மே மாத இறுதியில் தண்ணீரும் நின்றுவிடும் என்றும், அதற்குள் அரசு விடுதி ஒன்றுக்குப் பெயர்ந்துவிட வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று முறைப்படி விண்ணப்பித்தேன். "தங்கள் கடிதத்திற்கு நன்றி. தாங்கள் குறிப்பிடும் முகவரியில் எவரும் வசிக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. இத்தகைய பதில்களுக்கான அந்த வாசகத்தை அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்தவள் நானேதான். அப்போது அது மிகவும் மரியாதையான வாசகமாக எனக்குத் தோன்றியிருந்தது.

வகைப்பானைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. என் உடைகளைச் சலவைக் கடையில் கொடுத்து வாங்குகிறேன். உணவு அலுவலகச் சிற்றுண்டிச் சாலையில் முடிந்துவிடும். மாலையில் பழைய வானொலிப் பெட்டியில் பாட்டுக் கேட்பேன். அது வானத்திலிருந்து தெரியாது. சில நாட்களில் படியேறும்போது தாளிப்பு வாசனை வருவது போலிருக்கும். வெகுதூரத்திலிருந்து காற்றில் வருகிறது என்று எண்ணிக்கொள்வேன். கட்டடத்தில் நான் ஒருத்தி மட்டுமே என்று வகைப்பான் சொல்லாமல் சொல்லிவிட்டதே.

எங்கள் கட்டடம் எதனோடு ஒப்பிடப்பட்டு இப்படித் தீர்ப்பாயிற்று என்று அறிய விரும்பினேன். அப்படித் தேடியபோதுதான் ஏரிமேட்டுப் படம் கிடைத்தது. அதன் மூலையில் 'உரைகல் கட்டம்' என்று குறித்திருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு ஜெயசீலன் அவர்களிடம் போனேன்.

"மே மாசத்துல யூனிஃபார்ம் காயுதா?" என்று அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஸ்பெஷல் கிளாஸ் வச்சிருப்பாங்கம்மா."

"எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்குமா சார்?"

"கற்பகம், இது உரைகல். ஸ்டேட்ல இருக்கிற எல்லா ஊரையும் இத வச்சித்தான் மெஷின் அளக்குது. இதையே சந்தேகப்பட்டா எப்படி?"

"மன்னிக்க வேண்டும் சார். தவறாகக் கேட்டிருந்தால் விட்டுவிடுகிறேன்."

"கேட்டுட்டு அப்புறம் என்ன மன்னிப்பு?" என்று சிரித்தார். "உரைகல்ல மனுஷக் கண்ணால ஒருதரம் பாக்கணும்னு ஒரு விதி இருக்கத்தான் இருக்கு. இதுவரைக்கும் எவனும் போனதில்ல. போயிட்டு வாங்க. சாப்பாடு கட்டிட்டுப் போங்க, வழியில ஒரு கடையும் கிடையாது."

*

காஞ்சிபுரத்துக்கு முன்னால் பழைய தொழிற்சாலைச் சாலையில் திரும்பினால் ஏரிமேடு. தொழிற்சாலைகளில் மனிதர்கள் வேலை செய்த நாட்களில் அவர்களுக்காகக் கட்டப்பட்ட நான்கு மாடிக் குடியிருப்புகள். அலுவலக வண்டி என்னை வாயிலில் இறக்கிவிட்டு நிழல் தேடிப் போய்விட்டது.

மின்கம்பங்கள் நேராக நின்றன. குழாயில் தண்ணீர் வந்தது. சாலையில் குப்பை இல்லை. ஆயினும் ஒரு குரலோ, வண்டிச் சத்தமோ, குக்கரின் விசிலோ கேட்கவில்லை. மேலே மட்டும் அத்தனை மாடிகளிலும் துணிகள் படபடத்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் பிளாக்கின் படிக்கட்டிலிருந்து ஒருவர் வாளியுடன் இறங்கி வந்தார். அறுபது வயதிருக்கும். சட்டையின் முன்பட்டியில் பொத்தான்களுக்குப் பக்கத்திலேயே மேலிருந்து கீழாகத் துணிக் கிளிப்புகளைக் குத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, வைத்தது தவறு என்பது போல மறுபடியும் தூக்கிக்கொண்டார்.

"யாரு வேணும்?"

அலுவலக அடையாள அட்டையைக் காட்டி என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். அவர் பெயர் ஏகாம்பரம் என்றார். முன்பு கம்பெனி பஸ் ஓட்டுநராம்.

"இங்கே குடியிருப்பவர்களைச் சந்திக்கலாமா, ஐயா?"

"எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க மேடம். சாயங்காலம்தான் வருவாங்க. சில பேரு நைட் ஷிப்ட்டு. தூங்குவாங்க, எழுப்பக் கூடாது."

"குழந்தைகள்?"

"ஸ்கூலுக்குப் போயிருக்குதுங்க."

"ஐயா, இது மே மாதம்."

அவர் என்னைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். விரல்களில் ஏதோ எண்ணினார்.

"ஆமால்ல" என்றார்.

வாளியை மறுபடியும் கீழே வைத்தார். பிறகு அவர், "எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் ஆகல மேடம். புள்ளைங்களுக்கு லீவு எப்பன்னு யாரு ஞாபகம் வச்சிருந்தா?" என்றார். "சரி, வந்துட்டீங்க. டீ குடிப்பீங்களா?"

அவர் வீட்டில் ஒரே ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிட்டு, தம் பங்கைச் சிறு பாத்திரத்தின் மூடியில் ஊற்றிக்கொண்டார். சுவரில் ஆணிகளிலே வரிசை வரிசையாகச் சாவிகள் தொங்கின. ஒவ்வொன்றின் மேலும் பேருந்து நிறுத்தத்தின் பெயர் எழுதிய அட்டை இருந்தது.

"ஆளுங்க பேரு எனக்கு நிக்காது" என்றார் நான் பார்ப்பதைக் கவனித்து. "யாரு எந்த ஸ்டாப்புல எறங்குவாங்கன்னு மட்டும்தான் தெரியும். கம்பெனி மூடினதும் ஒவ்வொருத்தரா வந்து, 'வேற வேலை கெடைக்கிற வரைக்கும் வீட்டப் பாத்துக்கோங்க டிரைவர்'னு சாவியக் குடுத்துட்டுப் போனாங்க. புனேக்குப் போனவங்க, துபாய்க்குப் போனவங்க. பழைய துணியெல்லாம் அப்பிடியே பீரோவுல கெடந்திச்சி. மழைக்காலத்துல பூஞ்சை புடிச்சிடுமேன்னு ஒரு நாள் எல்லாத்தையும் எடுத்து மாடியில காயப் போட்டேன். அந்த வாரம் தண்ணிய நிறுத்தப்போறோம்னு நோட்டீஸ் குடுத்திருந்தாங்க. நிறுத்தல."

"அதிலிருந்து..."

"அதுலேர்ந்து தெனமும். எடம் காலின்னு முடிவாச்சின்னா கட்டடத்த இடிச்சிடுவாங்க, வீட்டுக்காரங்களுக்கு உரிமையும் போயிடும்னு நோட்டீஸ்ல போட்டிருந்திச்சே. சாவி வாங்கியிருக்கேன் மேடம். வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

மாடிக்கு அழைத்துச் சென்றார். மாடித் தரை கால் சுடாதபடி ஈரச்சாக்குகள் போட்டிருந்தார். கொடிகளின் இடையே அவர் தலை குனிந்து நுழைந்து செல்வது, கூட்டமான பேருந்தில் நடத்துநர் செல்வதைப் போலிருந்தது.

"துவைக்கிறது இல்ல. நனைச்சிப் போடுறதோட சரி. இது ஏரிக்கரை ஸ்டாப்பு அம்மாவோட நைட்டி. சாயம் போகுது, அதனால நெழல்லதான் போடுவேன். இந்தப் போர்வை ஞாயித்துக்கிழமைக்கு. இது டேங்க் ஸ்டாப்பு பையனோட யூனிஃபார்ம்." சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார். "உங்க மெஷினு மேலேர்ந்து எல்லாத்தையும் பாக்குமா? உள்பாவாடை, பனியன்லாம்?"

"நிறமும் அளவும் மட்டுந்தான் தெரியும்."

"தப்பிச்சேன். அதையெல்லாம் உள்ளாறதான் காயப் போடுறேன். அடுத்தவங்க வீட்டுது பாருங்க."

நான் அந்தச் சீருடையைத் தொட்டுப் பார்த்தேன். ஏழெட்டு வயதுப் பையனுக்குரியது.

"ஐயா, இந்தப் பையன் போய் எவ்வளவு காலமாகிறது?"

"ஆறேழு வருஷம் இருக்கும்."

"அப்படியானால் இப்போது உங்கள் தோள் உயரம் இருப்பான்."

ஏகாம்பரம் அந்தச் சின்னச் சட்டையை உற்றுப் பார்த்தார். இத்தனை நாளாகத் தம் கையாலேயே நனைத்துப் பிழிந்த சட்டையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போலிருந்தது.

"அது தோணவே இல்ல மேடம்" என்றார் மெதுவாக.

"யாராவது திரும்பி வந்தார்களா?"

"ஒருத்தர் வந்தாரு. மூணாம் பிளாக்கு. மிக்ஸி எடுத்துட்டுப் போக. மாடிக்கு வந்தவரு கொடியில அவரு சட்டையப் பாத்துட்டாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. 'குடுங்க, எடுத்துட்டுப் போறேன்'னு சொல்லுவாருன்னு பாத்தேன். 'பரவால்ல டிரைவர், இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

வந்த காரியத்தை அதற்குமேல் ஒத்திவைக்க முடியவில்லை. நான் மிகவும் சுற்றிவளைத்துத்தான் தொடங்கினேன்.

"தங்களைக் குறை சொல்வதாக எண்ணக் கூடாது. நகரம் என்றால் எப்படியிருக்கும் என்று வகைப்பானுக்கு யாராவது காட்டித்தர வேண்டும். ஆனால் எல்லா ஊர்களும் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டே இருக்கின்றன. மாறும் ஒன்றைக்கொண்டு மாறும் மற்றொன்றை அளக்க இயலாதல்லவா? ஆகவே பல ஆண்டுகளாகச் சிறிதும் மாறாத ஓர் இடத்தை அது தேடியது. மாநிலம் முழுவதிலும் ஒரே ஓர் இடம்தான் அப்படிக் கிடைத்தது."

"எது?"

"இதுதான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"இங்கே ஒரு குழந்தையும் வளரவில்லை. எவரும் இறக்கவில்லை. ஒரு கொடியும் ஒரு நாளும் காலியாக இல்லை. உண்மையான தெருக்களில் பிள்ளைகள் படித்து முடித்து வெளியூர் போவார்கள், கொடியில் துணி குறையும். உடனே வகைப்பான் ஏரிமேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்தத் தெரு தேய்கிறது என்று எழுதிவிடும். பேருந்து நிற்கும். பேருந்து நின்றதும் மிச்சமிருப்பவர்களும் போவார்கள். முறையீட்டுக் கடிதங்கள் தினமும் எங்களுக்கு வருகின்றன."

"உங்க வீடு எங்க இருக்கு மேடம்?"

சொன்னேன். மின்தூக்கி நின்றதையும், மாத இறுதியில் தண்ணீர் நிற்கப்போவதையும் அவர் கேட்டபின் சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப என்னாலதான் உங்க லிஃப்ட் நின்னிச்சா?"

"அப்படித் திட்டவட்டமாகச் சொல்ல இயலாது. பல காரணங்கள்..."

"சொல்லுங்க மேடம். மரியாதைக்கும் ஒரு அளவு இருக்கு."

"ஆம்" என்றேன்.

அவர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். காற்று வீசியது. அத்தனை சட்டைகளும் கைகளை ஆட்டின.

"இப்ப நீங்க என்ன எழுதணும்?"

"எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று."

"ஒண்ணுன்னு எழுதினா?"

"இதை ஆளொழிந்த நிலமாக்குவார்கள் என்று நினைக்கிறேன். கட்டடம் இடிபடும். தங்களுக்கு வேறோர் இடம் தருவார்கள். மற்ற ஊர்களையெல்லாம் புதிதாக அளப்பார்கள்." சிறிது நிறுத்திவிட்டு, "நான் ஒன்றும் எழுதாமலும் போகலாம், ஐயா. மனிதக் கண்ணால் பார்க்காமலேயே இத்தனை ஆண்டுகள் கடந்திருக்கின்றன" என்றேன்.

அந்த நொடியில் அது பொய்யல்ல. அவர் வேண்டாம் என்று கேட்டிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன்.

ஏகாம்பரம் எழுந்தார். முதல் கொடியிலிருந்து தொடங்கினார். கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பட்டியில் குத்திக்கொண்டு, துணியை உதறி, மடித்து, வீட்டு வாரியாக அடுக்கினார். நான் உதவப் போனபோது, "நீங்க அந்தப் பக்கம் புடிங்க" என்று போர்வையின் ஒரு முனையை நீட்டினார். இருவரும் நெருங்கி நெருங்கி வந்து மடித்தோம். இன்னொருவருடன் சேர்ந்து ஒரு போர்வையை மடித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மடித்து முடித்ததும் இருவருமே வேறு திசையில் பார்த்தோம்.

மற்ற மாடிகளையும் முடிக்க மாலையாகிவிட்டது. கடைசியில் இரண்டாம் பிளாக்கின் ஓரக் கொடியில் ஒரு வேட்டியும் ஒரு துண்டும் மட்டும் எஞ்சி நின்றன.

"அது?" என்றேன்.

"அது என்னுது. அது நெசமாவே காயுது."

அறிக்கையில் வாழ்வோர் ஒருவர் என்று எழுதினேன். நான் வண்டி ஏறும்போது அவர், "அந்தப் பையனுக்கு மீசை மொளைச்சிருக்கும் இல்ல?" என்று கேட்டார்.

*

அடுத்த வாரம் வகைப்பான் எல்லா ஊர்களையும் புதிதாக அளந்து, திருத்திய பட்டியலை வெளியிட்டது. அன்று காலை ஜெயசீலன் அவர்கள் தம் அறையிலிருந்து எழுந்து என் மேசைக்கே வந்தார். அப்படி அவர் வந்ததில்லை.

"ஏரிமேட்டை இடிக்க உத்தரவு வந்துவிட்டதா சார்?" என்றேன். அந்த ஒரு கேள்வியைத்தான் ஒரு வாரமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடிக்கிறதா? அது நகரம்மா."

"நான் ஒருவர் என்று எழுதினேனே."

"எழுதினீங்க. மெஷினும் அத அப்படியே ஏத்துக்கிச்சி, படமும் அதையே சொல்லிச்சி. ஆனா உரைகல்லோட வகைய மாத்துறதுக்கு அதுக்கு அதிகாரம் கிடையாது. அது நகரம்னு பூட்டி வச்சது. வகைய மாத்த முடியாததால அர்த்தத்த மாத்திக்கிச்சி." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "பெரிய மொட்டைமாடி, அதுல ஒரு வேட்டி, ஒரு துண்டு. ஒத்த ஆளு. நகரம்னா இதுதான்னு கத்துக்கிச்சி."

"அப்படியானால் மற்ற ஊர்கள்?"

"ஒத்த ஆளு இருக்கிற எடமெல்லாம் நகரம். தேய்ஞ்சிபோச்சின்னு எழுதின தெருவெல்லாம் திரும்ப மேல வந்திடிச்சி. வரைபடம் பூரா நகரத்தோட செவப்பு. மேலிடத்துல ரொம்பச் சந்தோஷம், நம்ம காலத்துல நகரம் இவ்ளோ வளந்திருக்கேன்னு பாராட்டிக் கடிதம் வந்திருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "தப்புன்னு எழுதலாம்தான். ஆனா எது தப்புன்னு எழுதுறது கற்பகம்? நானும் வீட்ல தனியாத்தான் இருக்கேன்."

பதினோரு ஆண்டுகளாக அடுத்த அறையில் இருப்பவர். இதை எனக்கு அன்றுதான் சொன்னார்.

ஏகாம்பரத்துக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன்.

"அப்ப சாவியெல்லாம் இருக்கட்டும்?"

"இருக்கட்டும், ஐயா."

"துணி போட வேணாம்?"

"தங்களுடையது மட்டும் போதும்."

"சரி" என்றார். பிறகு, "காலையில எழுந்தா கையி சும்மா இருக்கு மேடம். அதான் கேட்டேன்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரிமேட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். இரண்டாவது தம்ளர் ஒன்று வாங்கி வைப்பதாகச் சொன்னார்.

மாலையில் வீடு திரும்பியபோது எங்கள் கட்டடத்தின் வாயிலில் விளக்கு எரிந்தது. மின்தூக்கியின் கதவின்மேல் சிவப்பு எண்கள் தெரிந்தன. இரண்டு மாதமாக ஏறிய பழக்கத்தில் கிழக்குப் படிக்கட்டை நோக்கி நடந்துவிட்டு, வெட்கத்துடன் திரும்பி வந்து பொத்தானை அழுத்தினேன்.

மின்தூக்கி ஆறாம் மாடியில் நின்றது. கதவு திறந்தது. ஈரத்துணி நிறைந்த வாளியுடன் ஓர் அம்மையார் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் கையிலிருந்த வாளி தடுமாறிச் சிறிது தண்ணீர் சிந்தியது.

"நீங்க... இங்கயா இருக்கீங்க?"

"ஒன்பதாம் மாடி. மன்னிக்க வேண்டும், தங்களை இதுவரை பார்த்ததில்லை."

"நான் எப்பவும் மேற்குப் பக்கத்துப் படியிலதான் ஏறி எறங்குவேன், துணியும் வீட்டுக்குள்ளயே காயப் போட்டுடுவேன். இன்னிக்குத்தான் மாடிக்குப் போலாம்னு வந்தேன்." அவர் உள்ளே வந்தார். "ஒம்போதா? அப்ப சாயங்காலமானா பழைய பாட்டுப் போடுறது நீங்கதானா? நான் பேய்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

"தாளிக்கும் வாசனை தங்களுடையதா?"

"இன்னிக்கு வத்தக்கொழம்பு. வாசனை மேல வரைக்குமா வருது? மூணு வருஷமா எனக்கு மட்டும்தான் ஆக்கித் திங்கறேன். இந்தக் கட்டடத்துல வேற யாருமே இல்லன்னு சொன்னாங்களே."

"எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்" என்றேன்.

ஒன்பதாம் மாடியில் கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. வாளியின் ஒரு பக்கப் பிடியை நானும் பிடித்துக்கொண்டேன். மொட்டைமாடிக்குப் போகும் பொத்தானை அவர் அழுத்தினார்.

மின்தூக்கி மேலே போவதற்குப் பதிலாகக் கீழே இறங்கத் தொடங்கியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான்காம் மாடியின் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அங்கே யாரோ அழைத்திருந்தார்கள்.